இறங்குவது எத்தனை மணிக்கு?

கல்சுபாய் மலையடிவாரத்தில் பாரி என்றொரு கிராமம். அங்கிருந்து மேலே போகும் பாதையோரம் எலுமிச்சைச் சாறு விற்றுக்கொண்டிருந்த பெண்மணி எங்கள் ஐந்து பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். "எத்தனை மணிக்கு இறங்குவீர்கள்?" என்று இந்தியில் கேட்டார். நாங்கள் சிரித்தோம். மணி பத்தரை. ஏறவே ஆரம்பிக்கவில்லை, அதற்குள் இறங்குவதைப் பற்றி என்ன பேச்சு?

அன்றிரவு எட்டேகாலுக்கு அதே இடத்துக்கு வந்து சேர்ந்தபோது கடை மூடியிருந்தது. ஐந்து பேருக்கு ஒரே டார்ச். நண்பர் ஒருவர் முழங்கால் வீங்கி, இரண்டு பேர் தோளில் கைபோட்டு நொண்டிக்கொண்டு வந்தார். கடைசி ஒரு மணி நேரம் எங்களுக்கு வழிகாட்டியது, கூச்சல் கேட்டு மேலே ஏறி வந்த ஒரு கிராமத்துப் பையன்.

மகாராஷ்டிரத்தின் மிக உயரமான சிகரம் கல்சுபாய்: 1,646 மீட்டர். இமயத்தோடு ஒப்பிட்டால் குன்றுதான். மும்பையிலிருந்தும் புனேயிலிருந்தும் சனி, ஞாயிறுகளில் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். செங்குத்தான பாறைகளில் இரும்பு ஏணிகள் இருக்கின்றன. உச்சியில் சின்னதாக ஓர் அம்மன் கோயில். ஒரே நாளில் போய் வந்துவிடலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த ஒரு நாள் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

எங்கள் ஏற்பாடுகளில் குறை சொல்ல முடியாது. தலைக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, குளுகோஸ், காமிரா என்று பட்டியல் போட்டுத்தான் கிளம்பினோம். ஒருவர் தாமதமாக எழுந்தார். நெடுஞ்சாலையில் வடா பாவ் அழைத்தது. மலை எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தோம். மலை போகாது. சூரியன் போய்விடும்.

ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் ஒரு கணக்குச் சொன்னார். மூன்று மைல் தூரத்துக்கு ஒரு மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். பாரியிலிருந்து உச்சிக்குச் சுமார் ஆறு கிலோமீட்டர். ஏற்றம் 800 மீட்டருக்கு மேல். கணக்குப்படி ஏறுவதற்கு இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். நெய்ஸ்மித் நம் வெயிலையும் ஏணிக்கு நிற்கும் வரிசையையும் பார்த்ததில்லை. நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். குழுவின் வேகம் என்பது அதில் மிக மெதுவாக நடப்பவரின் வேகம்தான்.

இந்தக் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. அக்டோபர் மாதத்தில் அங்கே ஆறேகால் வாக்கில் சூரியன் மறைகிறது. ஐந்து மணிக்குக் கீழே இருக்க வேண்டும். இறங்க மூன்று மணி நேரம். அது முழங்காலைப் பதம் பார்க்கும் வேலை, அவசரப்படுத்த முடியாது. கால் பிசகினால், வழி தவறினால் என்று கையில் ஒரு மணி நேரம். ஆக, பகல் ஒரு மணிக்கு எங்கே நின்றாலும் திரும்பிவிட வேண்டும். உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் சரி.

அன்று ஒரு மணிக்கு நாங்கள் பாதி வழியில்தான் இருந்தோம். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு..." என்று ஒருவர் ஆரம்பித்தார். மற்றவர்கள் முடித்து வைத்தோம். மூன்றேகாலுக்கு உச்சியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம்.

அனுபவம் இருந்தால் இப்படி நேராது என்று சொல்ல முடியாது. 1996 மே 10 அன்று இந்திய-திபெத் எல்லைப் போலீஸ் படையினர் ஆறு பேர் வடக்குப் பக்கமாக எவரெஸ்ட் உச்சியை நோக்கி ஏறினார்கள். மூன்று பேர் வழியிலேயே திரும்பினார்கள். சேவாங் சமன்லா, டோர்ஜே மோருப், சேவாங் பால்ஜோர் ஆகிய மூவர் மேலே போனார்கள். புயலில் சிக்கி, மூவரும் உயிருடன் திரும்பவில்லை. அந்தப் புயலில் மலையின் இரு பக்கமும் சேர்த்து எட்டு பேர் இறந்தார்கள். மாண்டவர்களின் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன, அது நியாயம்தான். திரும்பி வந்த மூவரின் பெயர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிழை நம் மொழியிலும் இருக்கிறது. மலையேற்றச் செய்தியை மொழிபெயர்க்க உட்காரும்போதெல்லாம் 'சிகரம் தொட்டார்', 'கொடி நாட்டினார்' என்று பேனா தானாக ஓடுகிறது. நேரம் பார்த்துத் திரும்பியவருக்கு என்ன எழுதுவது? 'பின்வாங்கினார்', 'தோல்வியுடன் திரும்பினார்'. எவ்வளவு யோசித்தும் மரியாதையான ஒரு வினைச்சொல் எனக்கு அகப்படவில்லை.

கல்சுபாய் அம்மனைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. கல்சு என்ற பெண் ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். பாத்திரம் துலக்க மாட்டேன், பெருக்க மாட்டேன் என்று முதலிலேயே நிபந்தனை போட்டாள். அதை மீறி வேலை வாங்கியதும் மறுபேச்சில்லாமல் மலையேறிவிட்டாளாம். நிபந்தனையை முன்கூட்டியே போட வேண்டும்; பிறகு பேரம் கூடாது. அந்த மலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு நவராத்திரியின்போது அதே ஐவர் மறுபடி போனோம். காலை ஏழு மணிக்கே ஏற ஆரம்பித்தோம். திரும்பும் நேரம் ஒரு மணி என்று முன்தினமே பேசி முடித்திருந்தோம். பண்டிகைக் கூட்டம், ஏணிக்கு ஏணி வரிசை. கடைசி ஏணியின் கீழே நிற்கும்போது மணி ஒன்று. மேலே கோயில் மணியோசை கேட்டது. யாரும் எதுவும் பேசவில்லை. முதலில் திரும்பியவர் முழங்கால் நண்பர்.

நாலு மணிக்குக் கீழே வந்தபோது கடை திறந்திருந்தது. அந்தப் பெண்மணி ஐந்து டம்ளர் சாறு பிழிந்து கொடுத்தார். உச்சிக்குப் போனீர்களா என்று அவர் கேட்கவில்லை.