தூதரகங்களுக்கும் வரம்பு உண்டு

இலங்கை அரசுக்குச் சொந்தமான மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டதாகக் கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் 2021 அக்டோபர் இறுதியில் ட்விட்டரில் அறிவித்தது. சீன நிறுவனம் ஒன்றின் இயற்கை உரத்தில் பயிருக்குக் கேடான பாக்டீரியா இருப்பதாக இலங்கை ஆய்வாளர்கள் கூறினார்கள், நிறுவனம் மறுத்தது, அந்த உரத்துக்கு வங்கி பணம் கொடுக்க நீதிமன்றம் தடை விதித்தது. அந்தத் தடைக்குக் கட்டுப்பட்டதற்காகத்தான் வங்கிக்கு இந்தத் தண்டனை. அந்நியச் செலாவணி வற்றிக்கொண்டிருந்த சிறிய நாட்டின் வங்கியை நம்ப முடியாது என்று ஊரறியச் சொன்னது ஒரு வல்லரசு. 2022 ஜனவரியில் வங்கி அந்த நிறுவனத்துக்குப் பணம் செலுத்தியது.

அதே ஆண்டு ஆகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கு வந்தபோது, சீனத் தூதர் கட்டுரை எழுதி இந்தியாவைச் சாடினார். தூதரக நாகரிகத்தையே அவர் மீறிவிட்டதாக இந்தியத் தூதரகம் ட்விட்டரில் திருப்பியடித்தது. இலங்கைக்குத் தேவை ஆதரவுதான், அழுத்தம் அல்ல என்று அது சொன்னது சரியே. ஆனால், இரண்டு பெரிய நாடுகள் மூன்றாவது நாட்டின் மண்ணில் நின்று மோதிக்கொள்வதும் அந்த நாட்டுக்கு அழுத்தம்தான்.

அமெரிக்கா செய்தது இவற்றைவிடக் கொடியது. கொரோனா காலத்தில் சீனாவின் சினோவேக் தடுப்பூசியைப் பிலிப்பின்ஸ் மக்கள் நம்பாமல் இருக்க, அமெரிக்க ராணுவம் ரகசியப் பிரசாரம் நடத்தியதை 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளிக்கொணர்ந்தது. உள்ளூர்க்காரர்களாக வேடமிட்ட குறைந்தது 300 போலிக் கணக்குகள் அதற்குப் பயன்பட்டன. பிலிப்பின்ஸுக்கு முதலில் கிடைத்த தடுப்பூசியே சினோவேக்தான். சீனாவைச் சிறுமைப்படுத்த ஏழை மக்களின் உயிரைப் பணயம் வைத்ததை எந்த ராஜதந்திரமும் நியாயப்படுத்தாது.

தூதரகங்கள் சமூக ஊடகத்தில் பேசவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பெய்ஜிங்கிலுள்ள அமெரிக்கத் தூதரகம் 2008 முதல் அந்நகரின் காற்று மாசு அளவை மணிக்கு மணி ட்விட்டரில் வெளியிட்டது. அது வியன்னா உடன்படிக்கைக்கு முரணானது என்று 2012-இல் சீனா ஆட்சேபித்தது. ஆனால், அந்தத் தகவல் தூதரகத்தின் பெயரிலேயே வந்தது, அளந்து சரிபார்க்கக்கூடியதாக இருந்தது, பெய்ஜிங் மக்களுக்கும் பயன்பட்டது. ட்விட்டரை 2009 முதல் தன் மக்களுக்கு முடக்கிவைத்திருக்கும் சீனா, பிற நாடுகளில் அதே தளத்தைத் தாராளமாகப் பயன்படுத்துகிறது என்பதையும் மறந்துவிட முடியாது.

வரம்பு புதிதாக வகுக்க வேண்டியதல்ல. 1961-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 41-ஆவது பிரிவு, தூதர்கள் அந்தந்த நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது, அரசு அலுவல்களை வெளியுறவு அமைச்சகத்தின் வழியே நடத்த வேண்டும் என்கிறது. கைபேசியில் இடும் பதிவுக்கும் அது பொருந்தும். நீதிமன்றத்தையோ வங்கியையோ மிரட்டும் பதிவு வந்தால், அன்றே தூதரை அழைத்து விளக்கம் கேட்க வேண்டும். சிறிய நாடுகள் தனித்தனியே அஞ்சுவதைவிட, ஆசியான், பிம்ஸ்டெக் ஆகிய வட்டார அமைப்புகள் இதைக் கூட்டு நடைமுறையாக்குவதே வழி. அரசு ஊடகங்களுக்கு இட்டிருந்த அடையாளக் குறியை ட்விட்டர் 2023-இல் நீக்கியது. இப்போது எக்ஸ் எனப்படும் அத்தளம் அதை மீண்டும் கொண்டுவர வேண்டும்.

இந்தியா முதல் அடி எடுத்துவைக்கட்டும். அண்டை நாட்டு மண்ணில் இன்னொரு வல்லரசோடு பொதுவெளியில் சண்டையிட மாட்டோம் என்று தன் தூதரகங்களுக்கு எழுத்தில் கட்டளையிடட்டும். அப்போதுதான் பெய்ஜிங்கிடமும் வாஷிங்டனிடமும் அதையே கேட்கும் தகுதி நமக்கு வரும்.