மினாவின் கையில் வாள் எதற்கு?

என் தோழியின் மகள் ரொம்ப நாள் உட்கார்ந்து எழுதிய ஃபேன்டசி நாவல் போன மாதம் ஒரு பதிப்பகத்திலிருந்து திரும்பி வந்தது. மலைமேல் ஒரு பழைய மாளிகை. அங்கே ஒரு பெண் வாழ்க்கைப்பட்டுப் போகிறாள். தனக்கு முன்னால் அந்த வீட்டுக்கு வந்த மருமகள்கள் என்ன ஆனார்கள் என்று பூட்டிய அறைகளையும் பழைய கணக்குப் பேரேடுகளையும் துருவித் துருவிப் பார்க்கிறாள். உண்மை தெரிந்ததும், ஒரு இரவு அந்தப் பேரேட்டை மடியில் கட்டிக்கொண்டு தப்பி ஓடுகிறாள். பதிப்பாசிரியரின் குறிப்பு இப்படி: கதாநாயகி பலவீனமாக இருக்கிறாள், பயந்து ஓடுகிறாள், இன்றைய வாசகர்களுக்கு வலிமையான பெண் வேண்டும், அவளுக்கு வாள்வீச்சு கற்றுக்கொடுத்துக் கடைசியில் ஒரு சண்டை வைத்தால் பரிசீலிக்கலாம். "பெரியம்மா, ஒரு வாளைக் குடுத்துடட்டுமா?" என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். குடுக்காதே என்றேன். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அந்தக் குறிப்பை எழுதியவர் தனி ஆள் இல்லை. வாசகர் வட்டம், ஓடிடி தொடர், யூடியூப் விமர்சனம், எங்கே போனாலும் இதே பேச்சுதான். கையில் வாளோ வில்லோ இருந்தால், டிராகன் மேல் ஏறிப் பறந்தால், அவள் வலிமையான பெண். இல்லாவிட்டால் பழைய பஞ்சாங்கம். பழைய பேய் மாளிகைக் கதைகளில் பெண்கள் வெள்ளை உடுப்பில் மயங்கி விழுந்துகொண்டிருந்தார்களாம், இன்றைய ஃபேன்டசிதான் அவர்களை எழுப்பி நிறுத்தி ஆயுதம் கொடுத்ததாம். இதைச் சொல்கிறவர்கள் யாரும் 'டிராகுலா' நாவலைப் படித்ததில்லை. படம்தான் பார்த்திருக்கிறார்கள்.

பிராம் ஸ்டோக்கர் 1897-இல் எழுதிய அந்த நாவலில் மினா ஹார்க்கர் என்று ஒருத்தி வருகிறாள். பள்ளி ஆசிரியை. சுருக்கெழுத்து தெரியும், டைப்ரைட்டிங் தெரியும், ரயில் நேர அட்டவணைகள் மனப்பாடம். அவளைச் சுற்றி ஐந்து ஆண்கள்: மனநல மருத்துவர் செவார்ட், பிரபு, துப்பாக்கி தூக்கிய அமெரிக்கர், வக்கீலான கணவன் ஜோனதன், ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த பேராசிரியர் வான் ஹெல்சிங். ஆளுக்கு ஒரு துண்டு விஷயம் தெரியும், முழுசாக எவருக்கும் தெரியாது. டாக்டர் செவார்ட் தன் நாட்குறிப்பை போனோகிராஃப் மெழுகு உருளைகளில் பேசிப் பதிந்து வைத்திருக்கிறார். அதில் ஒரு குறிப்பிட்ட சேதி எங்கே இருக்கிறது என்று தேடி எடுக்க அவருக்கே வழி தெரியாது. ஜோனதனின் குறிப்புகள் சுருக்கெழுத்தில் கிடக்கின்றன. மினா உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்கிறாள், படிக்கிறாள், தட்டச்சு செய்கிறாள், தேதி வரிசையில் அடுக்குகிறாள், பிரதிகள் எடுத்துவைக்கிறாள். எதிரி யார், எங்கே இருக்கிறான், எப்படி நடமாடுகிறான் என்பது அந்தத் தாள்கள் ஒன்றுசேர்ந்த பிறகுதான் அந்த ஆண்களுக்குப் புரிகிறது. டிராகுலாவுக்கும் அது புரிந்திருக்கிறது. பின்னால் அந்த வீட்டுக்குள் புகுந்தபோது மூலக் கையெழுத்துகளையும் மெழுகு உருளைகளையும் நெருப்பில் போடுகிறான். பெட்டகத்தில் இன்னொரு தட்டச்சுப் பிரதி இருந்ததால் எல்லாம் தப்புகிறது.

மினா தாள்களை அடுக்கி முடித்ததும் அந்த ஆண்கள் செய்ததைக் கவனியுங்கள். இனி ஆபத்தான வேலை, பெண் இதில் இருக்கக் கூடாது என்று முடிவு செய்து, அவளைப் படுக்கப் போகச் சொல்லிவிட்டு இவர்கள் மட்டும் கிளம்பிப் போகிறார்கள். அவளிடம் எதையும் சொல்வதில்லை என்றும் தீர்மானிக்கிறார்கள். டிராகுலா நேராக அவளிடம் வருகிறான். நாவலின் நடுவிலேயே ஸ்டோக்கர் இதை வைத்திருக்கிறார்: அவளை வெளியே தள்ளிய கணத்தில் எல்லோரும் தோற்கிறார்கள். விடியலுக்கு முன்னால் தன்னை மனோவசியம் செய்து கேளுங்கள் என்று பேராசிரியருக்குச் சொல்கிறவளும் அவள்தான். டிராகுலா வார்னா துறைமுகத்தில் காத்திருந்தவர்களை ஏமாற்றிக் கலாட்ஸுக்குப் போய்விட்டபோது, ஆண்கள் ஓய்ந்து படுத்துக் கிடக்கிறார்கள். மினா வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, சாலையா, ரயிலா, ஆறா என்று ஒவ்வொன்றாக யோசித்து, செரெத் ஆற்றின் வழியாகத்தான் போவான் என்று எழுதிக் கொடுக்கிறாள். அப்படியே நடக்கிறது. கடைசியில் கத்தியை இறக்குகிறவர்கள் இரண்டு ஆண்கள்தான். ஆனால் சூரியன் மறைவதற்குள் சரியான இடத்தில் அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தியது யார்?

இன்னொன்றும் சொல்கிறேன். அந்தக் கடைசிப் பயணத்தில் மினாவிடம் ஒரு ரிவால்வரும் இருக்கிறது. வலிமைக்கு ஆயுதம்தான் அளவுகோல் என்றால், அவள் அந்தத் தேர்விலும் தேறியவள். ஆனால் நாவலைப் படித்த யாரும் அந்த ரிவால்வரை ஞாபகம் வைத்திருப்பதில்லை, ஏனென்றால் அவள் யார் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நம் ஊரில் டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் பாஸ் செய்து, குடும்பத்தைத் தன் பத்து விரலால் தூக்கி நிறுத்திய பெண்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அவர்கள் பலவீனமானவர்கள் என்று யாராவது சொன்னால் பொறுத்துக்கொள்ள மாட்டேன். மினாவைச் சொன்னாலும் அப்படித்தான்.

வான் ஹெல்சிங் மினாவைப் பாராட்டும்போது அவளுக்கு ஆணின் மூளை இருக்கிறது என்பார். அறிவு ஆணுடைய சொத்து, பெண்ணிடம் அது இருந்தால் இரவல் வாங்கியது என்பது அன்றைய எண்ணம். இன்றைக்கு அறிவை விட்டுவிட்டு வீரத்தை ஆணிடமிருந்து இரவல் வாங்கச் சொல்கிறார்கள். அளக்கிற கோல் மாறவே இல்லை.

இந்தப் பேய் மாளிகை வகையான கோதிக் கதை என்றால் கறுப்பு உடை, வௌவால், மெழுகுவத்தி என்று விளம்பரக்காரர்கள் நினைக்கிறார்கள். அந்த வகைக் கதையைப் பெண்கள் ஏன் கையில் எடுத்தார்கள் என்று கேட்கவே மாட்டேன் என்கிறார்கள். ஆன் ராட்கிளிஃப் 1794-இல் 'உடால்ஃபோவின் மர்மங்கள்' நாவலை ஐந்நூறு பவுண்டுக்கு விற்றார். அந்தக் காலத்து நாவலாசிரியர்களுக்குக் கனவில்கூடக் கிடைக்காத தொகை. அதில் பேய் இருக்கிறதா? பேய் போல வந்த எல்லாவற்றுக்கும் கடைசியில் காரணம் சொல்லிவிடுகிறார். கோட்டைக்குள் நிஜமாகவே பயமுறுத்துகிறது ஒரு காகிதம். மொன்டோனி தன் மனைவியிடம் அவள் பெயரில் உள்ள நிலங்களை எழுதிக் கொடு என்கிறான். அவள் மறுக்கிறாள். கோபுர அறையில் அடைக்கப்பட்டு, நோயில் சாகிறாள். அடுத்ததாக அதே காகிதம் அவளுடைய அண்ணன் மகள் எமிலியின் முன்னால் நீட்டப்படுகிறது. நெடுநாள் கையெழுத்திட மறுத்து, மிரட்டலுக்கு இணங்க நேர்ந்து, பிறகு தப்பி, கடைசியில் சொத்தை மீட்கிறாள் எமிலி. கல்யாணமான பெண்ணின் உடைமை கணவனுக்கே போய்ச் சேர்ந்த நாடு இங்கிலாந்து. 1870-லும் 1882-லும் சட்டங்கள் வந்துதான் அது மாறியது. அந்த நாட்டு வாசகி ஒருத்திக்கு, கணவனின் கோட்டை, பூட்டிய அறை, கையெழுத்துக் கேட்கும் மனிதன் என்று எழுதினால் எதைச் சொல்கிறார்கள் என்று விளக்கவே வேண்டாம். இலக்கிய விமர்சகர் எல்லன் மோயர்ஸ் 1976-இல் இதற்குப் 'பெண்களின் கோதிக்' என்று பெயரே வைத்தார். 1973-இல் ஜோவன்னா ரஸ் எழுதிய கட்டுரையின் தலைப்பே, யாரோ என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள், அது என் புருஷன்தான் என்று நினைக்கிறேன் என்ற பொருளில்தான் இருக்கும்.

அந்தக் கதைகளில் பெண் ஓடுகிறாள். ஆமாம், ஓடுகிறாள். கதவைத் திறந்து பார்த்து, வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டதால் ஓடுகிறாள். கொலைகாரனின் வீட்டை விட்டு ஓடுவதில் என்ன பலவீனம்? நின்று வாள் சுழற்றச் சொல்கிறவர்கள், வீட்டுக்குள் அடி வாங்கி நள்ளிரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் பெண்ணிடமும் இதையே சொல்வார்களா?

ஆண்களுக்கு இந்த அளவுகோல் கிடையாது, அதுதான் என்னை எரிக்கிறது. டோல்கீனின் நாவலில் வரும் ஃப்ரோடோ எந்தப் போரையும் வாளால் வெல்லவில்லை. மோர்டோரில் நடக்க நடக்க ஆயுதத்தையே தூக்கி எறிகிறான், இனி எதையும் ஏந்த மாட்டேன் என்கிறான். அவனைப் பலவீனமான பாத்திரம் என்று எந்தப் பதிப்பாசிரியராவது திருப்பி அனுப்புவாரா? அதே நூலில் எயோவின் சூனிய அரசனைக் கொல்கிறாள். அதைக் கொண்டாடுகிறவர்கள், பிறகு அவள் குணப்படுத்துகிறவளாக மாறியதும் முகம் சுளிக்கிறார்கள், டோல்கீன் அவளை அடுப்படிக்கு அனுப்பிவிட்டார் என்கிறார்கள். அதே நகரத்தில், அதே நாட்களில், அரகோர்ன் உண்மையான மன்னன் என்று மக்கள் அறிந்துகொள்வது அவனுடைய குணப்படுத்தும் கைகளால். அவன் செய்தால் அரச லட்சணம், அவள் செய்தால் சரிவா? டோல்கீன் மேல் எனக்கும் வேறு குறைகள் உண்டு, அவருடைய உலகத்தில் பெண்களே போதாது. ஆனால் இந்தக் குற்றச்சாட்டு வாசகர்களுடைய கண்ணில் இருக்கும் கோளாறு.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' வந்த காலத்தில் சான்ஸா ஸ்டார்க்கை எத்தனை பேர் திட்டினார்கள்! தையல் போடுகிறாள், அழுகிறாள், ஒன்றுக்கும் உதவாதவள் என்றார்கள். தகப்பனைக் கொன்றவர்களின் அரண்மனையில், ஒரு வார்த்தை தவறினால் அடி விழும் இடத்தில், மரியாதைச் சொற்களை மட்டுமே கேடயமாக வைத்துப் பிழைத்த பெண் அவள். சுத்தமான கோதிக் கதாநாயகி. பின்னால் தன் குடும்பக் கோட்டையான வின்டர்ஃபெல்லைக் கவனிக்கும்போது தானியக் கிடங்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதும், குளிருக்கு மார்க்கவசங்களில் தோல் தைக்கச் சொல்வதும் அவள்தான். மினா மேசையில் உட்கார்ந்து செய்த வேலைக்கு இது பக்கத்து வேலை. ஆனால் கைதட்டல் தங்கை ஆர்யாவின் கத்திக்கே போனது. இதைவிட மோசம், 2019-இல் வந்த கடைசி சீசனில், தனக்கு நடந்த கொடுமைகள்தான் தன்னை இப்படி ஆக்கின என்று சான்ஸாவின் வாயாலேயே சொல்லவைத்தார்கள். வன்கொடுமை பெண்ணைப் பக்குவப்படுத்தும் என்ற எண்ணத்துக்கு இவ்வளவு பெரிய திரையில் இடம் கொடுத்தவர்களை மன்னிக்கவே முடியாது. வாள்தான் வலிமை என்று நம்புகிறவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் இதுதான்: வலிமை வேண்டுமானால் முதலில் அடி வாங்கு.

இப்போது விற்பனையில் கொடிகட்டிப் பறக்கும் புத்தகங்களைப் பாருங்கள். ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' 2023-இல் வந்தது. வயலட் ஏட்டெழுத்தர் பிரிவில் சேரத் தயாராகி, புத்தகங்களோடு வளர்ந்தவள். தளபதியான தாய் கட்டாயப்படுத்தி டிராகன் வீரர்கள் பிரிவில் தள்ளிவிடுகிறாள். படித்ததும், நஞ்சுகளைப் பற்றித் தெரிந்துவைத்திருப்பதும்தான் ஆரம்பத்தில் அவள் உயிரைக் காப்பாற்றுகின்றன. நாவலே இப்படி எழுதியிருக்க, விளம்பரமெல்லாம் டிராகன்தான். சாரா ஜே. மாஸின் முதல் ஃபெய்ரே நாவலில் வில்லில் தேர்ந்த பெண், எழுதிவைத்த ஒரு விடுகதையைப் படிக்கத் தெரியாததால் சாவின் விளிம்புக்குப் போகிறாள். என்னைக் கேட்டால் அந்த நூலில் மயிர்க்கூச்செறிய வைக்கும் இடம் அதுதான், மற்றதெல்லாம் அழகான ஆண்களைப் பற்றிய வர்ணனை. எழுத்து தெரியாத வில்லாளிக்கு அந்த அறையில் ஒரு மினா தேவைப்பட்டாள்.

பெண்கள் எழுதுவது என்றாலே பதிப்பு வட்டாரத்தில் ஒரு சங்கடம். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818-இல் பெயர் போடாமல் வந்தது. 1997-இல் ஹாரி பாட்டர் வரும்போதும், பெண் எழுதியது என்று தெரிந்தால் பையன்கள் வாங்க மாட்டார்கள் என்று பதிப்பகம் பயந்து, ஜோவன் ரௌலிங்கை ஜே. கே. ஆக்கியது. ஏறக்குறைய நூற்றெண்பது ஆண்டு இடைவெளியில் என்ன கற்றார்கள்? எழுதுகிற பெண்ணுக்கு மட்டுமல்ல, கதைக்குள் இருக்கும் பெண்ணுக்கும் இதே கதிதான். அர்சுலா லெ குவின் 1971-இல் 'அட்டுவானின் கல்லறைகள்' எழுதினார். விளக்கே ஏற்றக் கூடாத நிலத்தடிப் புதிர்வழிகளில் தடவித் தடவி வழி அறிந்த டெனார் என்ற பெண், பெரிய மந்திரவாதியை அங்கிருந்து வெளியே கொண்டுவருகிறாள். அந்த டெனாரையே 1990-இல் 'டெஹானு'வில் நடுவயது விதவையாக, ஆடு வளர்க்கும் வீட்டில், காயப்பட்ட குழந்தையோடு காட்டியபோது, இதில் சாகசம் எங்கே என்று வாசகர்கள் சண்டைக்கு வந்தார்கள். தீயில் எரிக்கப்பட்ட ஒரு குழந்தையை வளர்ப்பது அவர்களுக்குச் சாகசமாகத் தெரியவில்லை.

மினாவுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அவளுக்கு நடந்த அநியாயம்தான் இதில் பெரியது. 1931 படத்தில் அவளை டாக்டர் செவார்டின் மகளாக மாற்றி, சோபாவில் துவண்டு கிடக்க வைத்தார்கள். 1992-இல் கப்போலா அவளை டிராகுலாவின் முன்பிறவிக் காதலியாக்கி, கடைசியில் கத்தியையும் கையில் கொடுத்து அவன் தலையை வெட்ட வைத்தார். 2003-இல் வந்த 'தி லீக் ஆஃப் எக்ஸ்ட்ராஆர்டினரி ஜென்டில்மென்' படத்தில் அவளையே ரத்தக்காட்டேரியாக்கிப் பறக்கவிட்டார்கள். பலியாள், காதலி, காட்டேரி என்று மூன்றையும் முயன்று பார்த்தவர்களுக்கு, கலாட்ஸில் ஆண்கள் அசந்து படுத்திருக்கும்போது ஒருத்தி வரைபடத்தை விரித்து வைத்து யோசிக்கும் அந்த இடம் மட்டும் படமெடுக்கத் தகுந்ததாகப் படவில்லை. கத்தி வருவதற்கு முன்னாலேயே, அந்த மேசையில், டிராகுலா தோற்றுவிட்டான்.