'கறுப்புதான் அழகு' என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள்

"உன்னைப் பார்த்தா எஸ்சி மாதிரியே தெரியலையே!" இதைப் பாராட்டு என்று நினைத்துச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முற்போக்கு பேசுகிறவர்களும்தான். எஸ்சி என்றால் கறுப்பு, சப்பை மூக்கு என்று ஒரு படம் அவர்கள் தலைக்குள் தொங்குகிறது. அதைத்தான் வகுப்பறையில் பிள்ளைகள் "கரிச்சட்டி", "காக்கா" என்று கத்துகிறார்கள்.

"எங்க சாதியிலயும் கறுப்பா இருக்காங்களே, இதுல சாதி எங்க வந்துச்சு?" என்று உடனே ஒருவர் வருவார். இருக்கிறார்கள்தான். மூக்களவை வைத்துத் தீண்டப்படாதோரைத் தனி இனம் என்ற கோட்பாட்டை அண்ணல் அம்பேத்கர் 1948-லேயே உடைத்துவிட்டார். ஆனால் கேலி ஆராய்ச்சி படித்துவிட்டு வருவதில்லை. ஊர்த்தெருப் பையன் கறுப்பாக இருந்தால் "களையான முகம்". காலனிப் பையன் அதே நிறம் என்றால் "பார்த்தாலே தெரியுது".

2023-இல் நாங்குநேரியில் தலித் மாணவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதிக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. சரியான பரிந்துரை. ஆனால் கயிறு, சாதிப் பெருமைக்காரன் தானாகக் கட்டிக்கொள்வது, கழற்றச் சொல்லலாம். நிறம் அவன் எங்கள்மேல் ஒட்டுகிற அடையாளம். எதைக் கழற்றுவது? 1975-இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 45 ஆண்டுகள் கழித்து, 2020-இல்தான் பெயரில் இருந்த 'ஃபேரை'க் கழற்றியது. டியூப் அப்படியே கடையில் இருக்கிறது.

பள்ளிகளில் ஆலோசனை என்ற பெயரில் நடப்பதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. (நானும் சமூகப்பணித் துறையில்தான் இருக்கிறேன்.) "உன்னை நீயே நேசி, கண்ணாடி முன்னால நின்னு 'நான் அழகு'ன்னு சொல்லு." கேலிக்கு ஆளானவளுக்கு வீட்டுப்பாடம். கேலி செய்தவனுக்கு? ஒன்றுமில்லை, "சின்னப் பசங்க" என்று சிரித்து அனுப்பிவிடுவார்கள். 'கறுப்புதான் அழகு' என்பதும் அழகாக இருந்தால்தான் மரியாதை என்று ஒப்புக்கொள்வதுதானே? பல் துருத்திய பிள்ளைக்கு, முகத்தில் தழும்புள்ள பிள்ளைக்கு என்ன சொல்வீர்கள்? எங்கள் பிள்ளை அழகா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல இவர்கள் யார்?

ஒரு பள்ளியில் ஆண்டு விழா நடனத்துக்கு வரிசை பிரித்தபோது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "நான் ஏன் சார் கடைசி வரிசை?" "உயரம்மா" என்றார் ஆசிரியர். அவள்தான் வகுப்பிலேயே குள்ளம். தோழிகள் இரண்டு பேர் "ஆமா சார், ஏன்?" என்று சேர்ந்துகொண்டார்கள். வரிசை மாறியது. அந்தப் பெண் இப்போது தலை குனிந்து நடப்பதில்லை. கண்ணாடி கொடுத்த தைரியமில்லை அது. கூட இரண்டு பேர் நின்றார்கள்.

பெரியவர்கள் நிற்க வேண்டிய இடமும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, குழந்தையை மனதளவில் துன்புறுத்துவதையும் தடைசெய்கிறது. அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். வாயால் சொல்லிவிட்டு வராமல் எழுதிக் கொடுங்கள்: என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள், எந்த வகுப்பில், எந்த ஆசிரியர் கேட்டும் சும்மா இருந்தார். தீர்மான நோட்டில் ஏறும்வரை எழுந்திருக்காதீர்கள்.