சொந்தக் கோபமும் தீர்ப்பும்

தலைமை ஏற்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. சொந்த மனத்தாங்கல் உள்ள இடத்தில் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இங்கிலாந்துப் பாதிரியார் ஜான் வெஸ்லி, 1736 பிப்ரவரியில் அமெரிக்காவின் சவானா ஊருக்கு வந்தார். வயது 32. ஊர் தோன்றி மூன்று ஆண்டே ஆகியிருந்தது. சச்சரவுக்குக் குறைவில்லை. வெஸ்லி நன்றாக உழைத்தார். ஆனால், விதி என்றால் விதிதான்! அந்தக் கண்டிப்பு பலருக்குக் கசந்தது.

அவர் மணக்க நினைத்த சோபியா, 1737 மார்ச்சில் வேறொருவரை மணந்தார். ஆகஸ்டில் ஆலயத்தில் சோபியாவுக்கு நற்கருணை தர வெஸ்லி மறுத்துவிட்டார். முன்கூட்டியே பெயர் கொடுக்கவில்லை என்பது அவர் காட்டிய காரணங்களில் ஒன்று. விதி அப்படித்தான் இருந்தது. ஆனால் ஊர் நம்புமா? 'பழைய கோபம்' என்றது!

சோபியாவின் உறவினர் ஊரின் தலைமை நீதிபதி. வெஸ்லி மீது பத்துக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. வழக்கு முடியவில்லை. டிசம்பரில் அவர் ஊரைவிட்டே போனார். இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை.

தோல்வியோடு அவர் முடங்கிவிடவில்லை. 1739-ல் இங்கிலாந்தில், ஆலயத்தை எட்டிப் பாராத சுரங்கத் தொழிலாளரைத் தேடிச் சென்று, திறந்த வெளியில் பிரசங்கம் செய்தார். அவர் வளர்த்த மெதடிஸ்டு இயக்கம் உலகெங்கும் பரவியது.

வீட்டுப் பெரியவர், ஊர்த் தலைவர், சங்கச் செயலாளர் யாராயினும் சரி. நெஞ்சில் வருத்தம் இருக்கிறதா? தீர்ப்பைப் பொதுவான ஒருவரிடம் விடுங்கள். விதியும் பிழைக்கும், உறவும் பிழைக்கும்.