அடியார் கதையில் யார் சேர்த்தது எது?

சிவனடியார் நந்தனார் என்றதும் ஈவிரக்கமற்ற பண்ணையார் ஒருவரும் நினைவுக்கு வருவார். சிதம்பரம் போக விடைகேட்டுக் கெஞ்சும் ஆளிடம், ஒரே இரவில் வயல்வேலை முழுவதையும் முடித்துவிட்டுப் போ என்பார். பெரியபுராணத்தில் அவர் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி தம் சரித்திரக் கீர்த்தனையில் சேர்த்த பாத்திரம் அவர்.

சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் நந்தனாரைத் திருநாளைப்போவார் என்று பெயரைச் சொல்லி வணங்குவதோடு சரி. நம்பியாண்டார் நம்பி ஒரே செய்யுளில் அவர் ஊரான ஆதனூரையும், குலத்தையும், தில்லை அந்தணர் மூவாயிரவர் கைகூப்பியதையும் சொல்லிவிடுகிறார். அவர் தீயில் இறங்கிய கதை அதில் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணம் பாடும்போதுதான் கோயில் பேரிகைக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுக்கும் தொண்டு, திருப்புன்கூரில் விலகும் நந்தி, தில்லையில் வளர்க்கப்படும் தீ எல்லாம் விரிகின்றன. அந்தத் தீயில் இறங்கியவர் பூணூல் அணிந்த முனிவராக எழுகிறார். இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகத்திலோ அதே தீ சூழ்ச்சியாகிறது.

ஒவ்வொரு காலமும் சாதியை எப்படிப் பார்த்தது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி நமக்கு அரிது. அந்தச் சாட்சியைத்தான் நாம் அழிக்கிறோம். இன்று அடியார் வரலாறு எழுதுவோர் பலர் பண்ணையாரையும் சேக்கிழார் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள்.

யார் எதைச் சேர்த்தார் என்று பிரித்துக் காட்டினால் பக்தி குறையும் என்பார்கள். பிரித்துக் காட்டியவர்கள் பக்தர்களே. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த சுலமீ தாமே ஒரு சூஃபி. இறைநேசர்களின் சொற்களை, யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற தொடரோடு பதிந்தார். கத்தோலிக்க உலகில் ஜான் போலந்து என்ற இயேசு சபைத் துறவி 1643இல் தொடங்கிவைத்த புனிதர் வரலாற்றுத் தொகுதிகள், கிடைத்த பழைய ஏடுகளை ஒப்பிட்டு, நம்பத்தக்கது எது என்று ஆராய்ந்தன. அவர் வழிவந்த பாப்பன்புரோக், கார்மேல் சபையை எலியா இறைவாக்கினரே நிறுவினார் என்ற மரபை ஏற்கவில்லை. 1695இல் ஸ்பெயினின் சமய விசாரணை மன்றம் அத்தொகுதிகளுக்குத் தடை விதித்தது. தடை நீங்கியது 1715இல்; அவர் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். ஆனாலும் பணி நிற்கவில்லை.

அற்புதங்களை மொத்தமாக வெட்டிவிட்டு 'உண்மை வரலாறு' எழுதுவோரிடமும் எனக்கு உடன்பாடில்லை. தீயை நீக்கிவிட்டு நந்தனாரை எழுதினால், தில்லைக்குள் போக அவர் மட்டும் ஏன் தீயில் இறங்க வேண்டியிருந்தது என்று சேக்கிழாரைக் கேட்க வழியே இல்லாமல் போகிறது.