ஆத்து வாயைக் கொப்பளிச்சா போதுமா?



நம்ம அடையாறு கடலில் கலக்கும் இடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? உடைந்த பாலத்துப் பக்கம் நின்றால் தெரியும். கோடையில் ஆற்றின் வாயை மணல் மூடிக் கிடக்கும். மழைக்காலத்துக்கு முன்னால் இயந்திரம் வைத்து வெட்டி விடுவார்கள். கடல் மறுபடி மணலைக் கொண்டுவந்து போடும். அடுத்த வருஷம் மறுபடி இயந்திரம்! "வாயைக் கொப்பளிச்சா வயித்து வலி போயிடுமா?" என்று கேட்பார் எங்க தாத்தா. ஊரூர் குப்பத்தில் கட்டுமரம் ஓட்டியவர்.

2015 டிசம்பரில் நான் ஒன்றாம் வகுப்பு. கோட்டூர்புரத்தில் பெரியம்மா வீடு முழுகிப் போச்சு. செம்பரம்பாக்கம் ஏரியில் நொடிக்கு 29,000 கன அடி திறந்ததாக அரசே சொன்னது. எல்லோரும் ஏரியைப் பற்றியே பேசினாங்க. கடலைப் பற்றி யாரும் பேசலை.

சென்னைக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் அமாவாசை, பௌர்ணமியில்கூட சுமார் 1 மீட்டர்தான் வித்தியாசம். அது போதாதா? கடைசி சில கிலோமீட்டர் ஆறு தட்டு மாதிரி சமமாக இருக்கு. கடல் கொஞ்சம் உயர்ந்து நின்றாலே வெள்ளம் தயங்கும். 2023 மிக்ஜாம் புயலில் கடல் உயர்ந்து நின்றது, ஊர்த் தண்ணீர் வடிய நாளாச்சு. கடல் மட்டமோ வருஷா வருஷம் ஏறுது.

லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்கும் இதே தலைவலி. 1953 கடல் வெள்ளத்தில் இங்கிலாந்தில் 307 பேர் இறந்தார்கள். பிறகு ஆற்றின் குறுக்கே கதவு வைத்த தடுப்பு கட்டினார்கள், 1982 முதல் அது வேலை செய்யுது. அதோடு விடலை. 2012-ல் ஒரு திட்டம் போட்டாங்க, 2100 வரைக்கும்! கடல் மட்டத்தை அளந்துகொண்டே இருப்பாங்க, 10 வருஷத்துக்கு ஒருமுறை திட்டத்தைத் திருத்துவாங்க. 2023-ல் திருத்தியபோது, தடுப்புக்கு மேற்கே 2065-க்குள் உயர்த்த வேண்டிய கரைகளை 2050-க்குள் உயர்த்தணும் என்று மாற்றிவிட்டார்கள். எனக்குப் பிடிச்சதே இதுதான்.

அவங்க பணக்கார நாடு என்பீர்கள். சரி, அந்தக் கதவை நாம கேட்கலை. அளந்து பார்க்க எவ்வளவு செலவாகும்?

இங்கே திட்டம் என்றாலே குடிசையை எடுப்பதுதான். ஒன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளைக் குடும்பத்தோடு பெரும்பாக்கத்துக்கு அனுப்பிட்டாங்க. அது சதுப்பு நிலத்து ஓரம், அங்கேயும் தண்ணி நிக்குது. விமான நிலைய ஓடுபாதை ஒண்ணு ஆற்றுக்கு மேலேயே பாலம் போட்டுப் போகுதே, அதை யாராவது எடுக்கச் சொன்னாங்களா?

ஆத்து வாயில் கல் சுவர் கட்டலாம் என்பவர்களும் உண்டு. தாத்தா ஒத்துக்க மாட்டார். தெற்கே மணலைத் தடுத்தா வடக்கே கரை அரிக்கும் என்பார். பட்டினப்பாக்கத்தில் ஏற்கெனவே கடல் வீடுகளைத் தின்னுட்டு இருக்கு. திட்டம் போடுகிறவர்கள் குப்பத்தில் வந்து ஒரு வார்த்தை கேட்கலாம் இல்லையா?

அதுவரை நாமே தொடங்கலாம். தாத்தா வீட்டுப் பக்கம் அடி, அங்குலம் குறித்த ஒரு கம்பம் நட்டு, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தண்ணீர் மட்டத்தை நோட்டில் எழுதணும். நாம பள்ளியை விட்டுப் போன பிறகு அடுத்த செட் எழுதட்டும். கம்பத்துக்கு இடம் தாத்தா காட்டுவார். வர விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் பெயர் கொடுக்கவும். நீச்சல் தெரியாதவர்களும் வரலாம், நோட்டு பிடிக்க ஆள் வேணும்.

– மாணவி, 11-ஆ