ஞாயிறு லீவு யார் கொடுத்தது?

"ஞாயிறு லீவு வெள்ளைக்காரன் போட்ட பிச்சை"ன்னு சயான் பக்கம் சிலர் பேசறாங்க. தப்புங்க!

1881 தொழிற்சாலைச் சட்டம் கேட்டது ரொம்பக் கொஞ்சம்: 7 வயசுக்குள்ள வேலை கூடாது, 12 வரைக்கும் 9 மணி நேரம்தான். அதுக்கே நம்ம தேசியப் பத்திரிகைகள் பல கொதிச்சுது. லங்காஷயர் முதலாளிகளோட சதியாம்! அவங்களுக்குச் சுயநலம் இருந்தது நிஜம்தான். ஆனா மில்லுல நின்ன குழந்தைக்கு என்ன பதில்?

தொழிலாளி பக்கம் நின்னது நாராயண் மேகாஜி லோகாண்டேயோட 'தீனபந்து'. 1884ல சுமார் 5,500 பேர் கையெழுத்தோட மனு. 1890 ஜூன் 10ல மில் முதலாளிகள் வார விடுமுறைக்கு ஒத்துக்கிட்டாங்க.

2025 நவம்பர் 21ல அமலான நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைப் பத்தித் தலையங்கம் படிச்சாலும், பாங்க்காரன் நான் கேக்கறது ஒண்ணுதான்: வரவு யாருக்கு, பற்று யாருக்கு? 'தேசத்துக்கு நல்லது'ங்கறாங்களே, அந்த தேசத்துல தாராவி தையல்காரர் இருக்காரா?